நூற்றிருபது நாள் சிவப்பு

ஜாங்கிரியா, பாதுஷாவா, அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும். திட்ட மாட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை என்றுகூடக் கேட்க மாட்டேன். ஆமாம், எடுத்தேன், வாயில் போட்டேன் என்று ஒரு வார்த்தை வந்தால், மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கல்லை இறக்கி வைத்துவிட்டு நிம்மதியாகச் சோறு போடுவேன்.

இத்தனையையும் மனதுக்குள் சொல்லிக்கொண்ட மங்களம், கணவனின் டம்ளரில் ரசத்தை ஊற்றினாள்.

சம்பந்தம் இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து முதலில் மோந்து பார்த்தார். அது அவர் பழக்கம். மாயவரம் பெரிய கடைத்தெருவில் ஒரு மிட்டாய்க் கடையில் முப்பத்து நான்கு வருடமாகச் சரக்கு மாஸ்டர். சர்க்கரை நோய் வந்து பதினோரு வருடமாகிறது. அன்றிலிருந்து நாக்கில் வைத்துப் பார்க்காமலே பதம் சொல்கிறார். பாகின் கொதிச் சத்தத்தையும் வாசத்தையும் வைத்தே இறக்கச் சொல்வார், ஒரு நாளும் தப்பியதில்லை. கடையில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். அவர் மட்டும் சொல்லிக்கொள்ள மாட்டார்.

இனிப்பை விட்ட மனிதனுக்கு வேறு எதைக் கொடுப்பது என்று யோசித்து மங்களம் கண்டுபிடித்ததுதான் ரசம். சாப்பாட்டோடு போட்டுப் பிசைவது தனி. அது போக, காலையில் ஒரு டம்ளர், வேலை முடிந்து வந்ததும் ஒரு டம்ளர். தக்காளி ரசம், மிளகு ரசம், எலுமிச்சை, வேப்பம்பூ. ஈயச் சொம்பில்தான் வைப்பாள். வேறு பாத்திரத்தில் வைத்தால் அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிடுவார், ஆனால் இரண்டாவது டம்ளர் கேட்க மாட்டார்.

இன்று இரண்டாவது டம்ளர் கேட்டார். ஊற்றினாள்.

அவள் வேலை பார்ப்பது நகப்பதிவு மையத்தில். ஆறு வருடத்துக்கு முன் அந்த வேலையில் சேர்ந்தபோது, பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை இதே கூடத்தில் உட்கார்ந்து அவருக்கு ஒப்பித்தாள்.

"ரத்தத்துக்குச் சிவப்பைக் குடுக்கிற சாயத்தை உடம்பு எட்டுக் கை மாத்திச் செய்யுதுங்க. ஒவ்வொரு கையும் ஒரு நொதி. சர்க்கரை அதிகமா நின்னா, அந்தக் கைங்க மேல போய் ஒட்டிக்குது. முக்கியமா ரெண்டாவது கை. அது மந்தமாயிட்டா சாயம் அரைவேக்காட்டுல நின்னுடும்."

"பாகு முத்திப்போய்க் கரண்டி நகராத மாதிரி."

"அதேதான். அந்த அரைவேக்காட்டுச் சரக்குல கொஞ்சம் நகத்துல போய்த் தங்குது. நகம் வளர வளர, அன்னன்னிக்குத் தங்கினது அப்படியே வரிசையா நகர்ந்து வரும். ஒரு சொட்டு மருந்து விட்டு ஊதா விளக்குல வெச்சா சிவப்பா ஒளிரும்."

"அப்ப நான் எந்தத் தேதியில என்ன தின்னேன்னு நகம் சொல்லிடும்."

"என்ன தின்னீங்கன்னு சொல்லாது. தின்னீங்கன்னு சொல்லும்."

அவர் தன் பத்து விரலையும் விரித்துப் பார்த்துக்கொண்டு, "பத்துப் பேரைக் கூடவே வேவு பாக்க வெச்சிருக்கான்" என்றார். அன்று சிரித்தார்கள்.

வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தப் பரிசோதனையை யாரும் ஏமாற்றலாம். இரண்டு நாள் வாயைக் கட்டினால் போதும். மூன்று மாதத்துச் சராசரியைச் சொல்லும் பரிசோதனையோ ரத்தசோகை உள்ளவர்களிடம் தடுமாறியது. நகம் தடுமாறாது என்றார்கள். அடியிலிருந்து நுனி வரை, வெங்காயச் சருகு மாதிரி மெல்லியதாக ஒரு சீவல் எடுத்தால் ஐந்து மாதம் கையில் இருக்கும். அதனால்தான் புதுக் கணையம் வைக்கும் திட்டத்துக்கு நகத்தையே சாட்சியாக வைத்தார்கள். தோலுக்கு அடியில் புது அணுக்களை வைப்பார்கள், பிறகு ஊசி வேண்டாம். ஆனால் அணுக்கள் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். கட்டுப்பாடாக இருப்பவர்களுக்கே முன்னுரிமை. அடுத்தடுத்து இரண்டு பதிவு சிவப்பில்லாமல் இருக்க வேண்டும். சிவப்பு வந்தால் ‘மீறல்’. தவறு செய்தேன் என்று ஒப்புதல் எழுதிக் கொடுத்தால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போகும். எழுதித் தராவிட்டால் பெயரே போய்விடும்.

சம்பந்தத்தின் இடது கண்ணில் கருப்பு நூல் மாதிரி ஏதோ பறக்க ஆரம்பித்து ஒரு வருடமாகிறது. இனியும் சர்க்கரை ஏறி இறங்கினால் அந்தக் கண் தங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முதல் பதிவு சுத்தமாக வந்தது. இரண்டாவதும் அப்படி வந்துவிட்டால் இந்தச் சித்திரையிலேயே புதுக் கணையம்.

சீவல்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பங்குனி முதல் வாரத்தில் 4417 என்ற சீவலை விளக்கின் கீழ் வைத்தபோது, நுனிப் பக்கம் கொஞ்சம் தவிர மீதியெல்லாம் தணல் மாதிரி ஒளிர்ந்தது. கார்த்திகை தொடக்கத்திலிருந்து நூற்றிருபது நாள், ஒரு நாள் விடாமல். யாரோ ஆசை அடங்காத மனிதர் என்று நினைத்துக்கொண்டே ‘மீறல்’ பொத்தானை அமுக்கினாள். திரையில் பெயர் வந்தது. மு. ஞானசம்பந்தம், வயது ஐம்பத்தெட்டு.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அவரிடம் கேட்டபோது, இல்லை என்றார். ஒரே வார்த்தை. தினமும் விரல் நுனியில் குத்திப் பார்த்து எழுதி வைத்திருந்த நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். எல்லாம் நல்ல எண்கள்தான். மங்களம் நோட்டைப் பார்த்தாள், பிறகு அவர் நகத்தைப் பார்த்தாள். ஆறு வருடமாக அவள் நம்பிப் பழகியது நகத்தை.

அதன் பிறகு அவள் செய்தவை அவளுக்கே பிடிக்காதவை. சட்டைப் பையை மோந்தாள். வெல்ல டப்பாவில் கோடு போட்டு வைத்தாள். கடையில் அவரோடு வேலை பார்க்கும் பெண்ணிடம் சாதாரணமாகப் பேசுவது போல விசாரித்தாள். அந்தப் பெண், "மாஸ்டரா? பூந்தி கால்ல ஒட்டினாக்கூடக் கழுவிட்டுத்தான் வருவாரு" என்றாள். அதையும் மங்களம் நம்பவில்லை.

இப்போது, இரண்டாவது டம்ளரைக் கீழே வைத்த சம்பந்தம், வாயைத் துடைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி சொன்னார்.

"ஜாங்கிரி."

"என்னது?"

"தினமும் ரெண்டு. சாயங்காலம் கிளம்பறப்ப. அந்த ஒப்புதல் படிவத்தைக் கொண்டா, கையெழுத்துப் போட்டுடறேன்."

கல் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும்போது அவருடைய கை, பாகில் கம்பி பார்க்கும் அந்தக் கை, பேனாவை ஒரு தடவை கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்ததைப் பார்த்தாள். குற்ற உணர்ச்சி என்று நினைத்துக்கொண்டாள்.

*

ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் விளக்கைச் சரிபார்க்க வேண்டும். அதற்கு நோயில்லாத ஒருவரின் சீவல் வேண்டும். வெற்றுச் சீவல் என்பார்கள். வேலையில் சேர்ந்த அன்று மங்களத்தின் கட்டைவிரலிலிருந்து எடுத்ததைத்தான் இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே வைத்து ஆறு வருடமாக ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒப்புதல் படிவம் போன மறுநாள் காலை அந்தக் கண்ணாடி கைதவறி விழுந்து நொறுங்கியது. தூக்கக் கலக்கம்தான். புதிதாக ஒன்று சீவி எடுத்து, மருந்து விட்டு, விளக்கின் கீழ் வைத்தாள்.

இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது.

முதலில் அவளுக்கு வந்தது பயம். தனக்கும் வந்துவிட்டது. அடுத்த நொடி, வெட்கப்படும்படியான ஒரு நிம்மதி. இனி அவரை மட்டும் குற்றவாளியாக உட்கார வைக்க வேண்டாம், நானும் பக்கத்தில் போய் உட்காரலாம். ஆனால் கீழ்த்தளத்தில் ரத்தம் கொடுத்துப் பார்த்தால், சர்க்கரை துளியும் அதிகமில்லை. மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தாலும் இல்லை.

சீவலைத் திரும்ப வைத்து நாட்களை எண்ணினாள். அவருடையதைப் போலவே நுனியில் கொஞ்சம் சுத்தம். அவருடையதைப் போலவே கார்த்திகைத் தொடக்கம். நூற்றிருபதோடு பிறகு கழிந்த நாட்களும் சேர்ந்திருந்தன. அவர் நகத்தில் தணல், இவள் நகத்தில் ரோஜா. அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டு பேர் உடம்பிலும் ஒரே நாளில் நுழைந்தது எது? கட்டில் பழையது. தண்ணீர் பழையது. அரிசி மாறவில்லை. ஐப்பசிக் கடைசி நாள் கடைமுகத்துக்குக் காவிரியில் முழுகிவிட்டு வந்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் அவளுடைய பழைய ஈயச் சொம்பு உருகிப்போனது. தண்ணீர் ஊற்றாமல் அடுப்பில் ஏற்றிவிட்டு போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தபோது சொம்பு இல்லை, பர்னரைச் சுற்றி வெள்ளியாக ஒரு குட்டை. கல்யாணச் சீராக வந்த சொம்பு. ஒரு வாரம் எவர்சில்வரில் ரசம் வைத்துவிட்டு ஒவ்வொரு வேளையும் அழுதாள்.  கடைமுகத்தன்று சம்பந்தம் ஆற்றங்கரைக் கடைகள் பக்கம் போய் ஈரத் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால், பளபளவென்று ஒரு புதுச் சொம்பு.

அன்று மதிய உணவு இடைவேளையில் அவள் வீட்டுக்குப் போய் அந்தச் சொம்பைப் பையில் போட்டுக்கொண்டு, தங்கத்தின் சுத்தம் பார்க்கும் கடைக்குப் போனாள். அங்கே உலோகத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சி எதில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் பெட்டி இருக்கிறது. கடைக்காரர் சொம்பைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார்.

"இதுல தங்கம் இருக்காதும்மா."

"தெரியும். வேற என்ன இருக்குன்னு பாருங்க."

பெட்டி கொஞ்ச நேரம் முனகியது. திரையைப் பார்த்த கடைக்காரர் சிரிப்பை நிறுத்தினார். நூற்றுக்கு அறுபதுதான் வெள்ளீயம். மீதி முழுக்கக் காரீயம்.

காரீயத்தின் வேலை என்ன என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சியில் ஒரே ஒரு வரி படித்திருக்கிறாள். சர்க்கரை ஒட்டிக்கொள்ளும் அதே இரண்டாவது கையைத்தான் காரீயமும் போய் முடக்கும். சர்க்கரையாவது மெல்ல ஒட்டும். காரீயம் கையைப் பிடித்து முறுக்கும். புளி கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கும். நல்ல உடம்பில் இளஞ்சிவப்பு. பதினோரு வருடம் சர்க்கரையிடம் அடிவாங்கி ஏற்கெனவே மந்தமாகிப்போன கை என்றால், தணல். அதனால்தான் பதிவுக்கு வருபவர்கள் நிரப்பும் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ‘பேட்டரி, பெயின்ட், அச்சுத் தொழிலில் வேலை செய்கிறீர்களா?’ எல்லோரும் இல்லை என்று எழுதுவார்கள். மங்களம் ஆறு வருடமாக அந்த ‘இல்லை’களைப் பார்த்துத் தலையசைத்து அடுத்த வரிக்குப் போயிருக்கிறாள். அடுப்படியைப் பற்றிப் படிவத்தில் ஒரு கேள்வியும் கிடையாது.

ஒரு டம்ளர் அல்ல, இரண்டு டம்ளர். அவர் கேட்கக் கேட்க ஊற்றினேன். எவ்வளவு ஆசையோ அவ்வளவு விஷம்.

*

சாயங்காலம் சம்பந்தம் வந்து செருப்பைக் கழற்றும்போதே, அடுப்பில் ரச வாசம் இல்லை என்பது தெரிந்துவிட்டது. ஏன் என்று கேட்காமல் உட்கார்ந்தார். மங்களம் சொம்பை அவர் முன்னால் தரையில் வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். யார் வாங்கிவந்த சொம்பு என்பதை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போனாள்.

அவர் தாண்டவில்லை. "நான் வாங்கிக் குடுத்ததுதானே" என்றார்.

"நான் வெச்ச ரசம்தானே."

அவர் சொம்பைக் கையில் எடுத்துத் திருப்பினார். "கனமா இருந்துச்சு. நல்ல சரக்குன்னு நெனச்சேன். பாகுல பதம் பாக்கத் தெரிஞ்சவனுக்கு ஈயத்துல பாக்கத் தெரியல" என்றார்.

டாக்டரிடம் கேட்டுவிட்டதாகவும், அந்தச் சொம்பை நிறுத்தினால் காரீயம் மெல்ல மெல்ல இறங்கிவிடும், அந்த இரண்டாவது கை பழையபடி ஓடும் என்று சொன்னதாகவும் சொன்னாள். பிறகு, கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டாள்.

"அப்ப அந்த ஜாங்கிரி?"

சம்பந்தம் அவளைப் பார்க்காமல் சிரித்தார். "மூணு வாரமா அதைத்தானே கேட்டுக்கிட்டு இருந்தே. சோறு போடறப்பல்லாம் உன் மூஞ்சி கேட்டுச்சு. குடுத்துட்டேன்."

 பதினோரு வருடம் ஒரு துளி நாக்கில் வைக்காதவர் தினமும் இரண்டு தின்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல். கோபம் வந்தது. எழுந்து போய் அவர் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தாள். அவர் அந்தக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டு, கட்டைவிரல் நகத்தைச் சீவிய இடத்தில் தன் விரலால் தடவினார்.

"நீயாவது மூஞ்சியோட நிறுத்திக்கிட்டே" என்றார். "மகாதானத் தெரு கலாவதி டீச்சர் கடைக்கு வந்திருந்தாங்க. பேரனுக்கு லட்டு வாங்க. இப்பல்லாம் வீட்ல மருமக சாமான் ரூமைப் பூட்டிச் சாவியைத் தாலிக்கொடியில மாட்டிக்குதாம். லட்டைக்கூட நான் தூக்கிக்கிட்டுப் போகக் கூடாதாம் மாஸ்டர், நீங்களே யார்கிட்டயாவது குடுத்தனுப்புங்கன்னாங்க. அவங்க சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க."

கலாவதி டீச்சர். மூன்று வருடத்துக்கு முன் நகத்தில் சிவப்பு வந்து, மங்களத்தின் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, நான் தொடவே இல்லைம்மா என்று நாலு தடவை சொன்னவர். ஐந்தாவது தடவை ஒப்புதல் எழுதப் பேனாவை வாங்கியவர். எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதைப் பாராட்டிக்கூட மங்களம் ஏதோ சொன்னாள்.

*

திங்கட்கிழமை காலையில் மேலாளர் நவநீதன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டான். முப்பது வயதுக்காரன், நல்லவன். சொம்பைப் பற்றி அவள் எழுதிக் கொடுத்த அறிக்கையை வெள்ளிக்கிழமையே தலைமையகத்துக்கு அனுப்பி, இரண்டு நாளாகப் போனிலேயே கிடந்திருக்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது.

"உட்காருங்கக்கா. நல்ல சேதி" என்றான். சம்பந்தத்தின் பதிவைத் தனி விதிவிலக்காக ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். ஒப்புதல் படிவம் ரத்து. சித்திரைப் பட்டியலில் பெயர் இருக்கும். அதற்கு ஒரு காகிதத்தில் மட்டும் மங்களம் கையெழுத்துப் போட வேண்டும்.

காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஆறு வருடத்தில் தான் குறித்த மற்ற இருநூற்றுப் பதினொரு மீறல்களும் முறைப்படி படிக்கப்பட்டவை, அவற்றில் தனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை என்று இருந்தது.

"எல்லாமே ஈயமா இருக்காதுக்கா" என்றான் நவநீதன், அவள் கேட்பதற்கு முன்பாகவே.

"இருக்காது. நெஜமாவே தின்னவங்களும் இருப்பாங்க."

"அப்புறம் என்ன?"

"யாரு எதுன்னு எனக்குத் தெரியாதே சார்."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். கையெழுத்து இல்லாவிட்டால் சம்பந்தத்தின் கோப்பும் மற்றவற்றோடு சேர்ந்து மறுஆய்வுக்குப் போகும் என்றான். மறுஆய்வு என்றால் ஒரு வருடம் ஆகலாம். அதுவரை யாருக்கும் ஒன்றும் நகராது. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவர் கண்ணை நெனச்சுப் பாருங்க" என்றான். பயமுறுத்தவில்லை. நிஜமாகவே கவலைப்பட்டுத்தான் சொன்னான்.

அவள் நினைத்துப் பார்த்தாள். அந்த இடது கண்ணை நினைத்தாள். பாகு வாணலியின் ஆவிக்கு அந்தப் பக்கம் அது சுருங்கிப் பார்ப்பதை நினைத்தாள். போன் செய்து அவரிடமே கேட்டுவிடலாமா? கேட்டால், போடு என்பார், அல்லது போடாதே என்பார். எதைச் சொன்னாலும் அது அவளுக்காகச் சொன்னதாக இருக்கும். அவள் முகம் எதைக் கேட்கிறதோ அதைக் கொடுத்துவிடுகிற மனிதர். ஜாங்கிரியைக் கொடுத்த மாதிரி இதையும் கொடுத்துவிடுவார். ஆகவே கேட்கக் கூடாது. இதன் பாரத்தை அவர் கையில் வைக்கக் கூடாது. கண்ணுக்கு என்ன ஆனாலும் அதைப் பக்கத்தில் இருந்து பார்க்கப் போவது தான்தான். தினமும் பார்க்க வேண்டியிருக்கும். அதையும் தெரிந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் நினைத்தாள். இருநூற்றுப் பதினொரு பேர் வீட்டிலும் ஒரு முகம் இருந்திருக்கும், சோறு போடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டே. சில வீடுகளில் ஒரு சாவியும்.

நவநீதன் பேனாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான். மங்களம் அதை வாங்கினாள். வாங்கி, மூடியைத் திரும்பப் போட்டு, காகிதத்தின் மேல் வைத்து, இரண்டையும் மெல்ல அவன் பக்கமே தள்ளினாள்.

"வேண்டாம் சார்" என்றாள்.

"அக்கா, ஒரு நாள் யோசிச்சு…"

"அந்த ஒப்புதல் படிவம் எல்லாத்திலயும் போன் நம்பர் இருக்கும்ல?"

அவன் காகிதத்தை எடுத்துக் கோப்புக்குள் வைத்தான். மறுக்கவில்லை. அவள் எழுந்து தன் மேஜைக்கு வந்தாள். ஊதா விளக்கு எரியவில்லை. புது வெற்றுச் சீவல் இன்னும் கிடைக்கவில்லை. அலமாரியிலிருந்து மூன்று வருடத்துக்கு முந்தைய கோப்பை எடுத்து, அந்த முத்து முத்தான எழுத்தைத் தேடி, எண்ணைப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"டீச்சர், நான் நகப்பதிவு மையத்துலேர்ந்து மங்களம் பேசறேன். இல்ல இல்ல, பயப்படாதீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க வீட்ல ரசம் எதுல வெப்பீங்க?"